கடலில் ஓடும் டவுன் பஸ்: குளிர்கால நார்வே பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர்கள் நாலு பேர் பிப்ரவரி மாதம் நார்வே கடலோரமாகக் கப்பலில் போய் வந்தோம். பெர்கனில் ஏறி, ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனெஸ் வரை போய், அதே கப்பலில் பெர்கனுக்கே திரும்புகிற 12 நாள் பயணம். வந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அரோரா பாத்தீங்களா?" வடக்கு வானத்தில் இரவில் ஆடும் அந்த ஒளித்திரையைப் பார்த்தோம். ஆனால் பார்க்கத் தவறியதும் நிறைய. அதில் பாதிக்கு வானம் காரணம் இல்லை, நாங்கள்தான்.

கோளாறு 'குரூஸ்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறது. மேடைக் கச்சேரி, சூதாட்டக் கூடம், கேப்டனோடு விருந்து என்று கற்பனை செய்துகொண்டு ஏறினால் இரண்டாம் நாளே சலித்துவிடும். இது கடலில் ஓடும் டவுன் பஸ். ஒரு வழிக்கு 34 துறைமுகங்களில் நிற்கும். மரப்பலகை, மீன்பெட்டி, கார், பக்கத்து ஊருக்குப் போகும் பாட்டி எல்லாம் ஏறும், இறங்கும். 1893இல் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பலை ட்ரொண்ட்ஹெய்முக்கும் ஹாமர்ஃபெஸ்டுக்கும் இடையே ஓட்டியபோது தொடங்கிய தடம் இது. அதற்கு முன்னால் குளிர்காலத்தில் ஹாமர்ஃபெஸ்டுக்குப் போட்ட கடிதம் போய்ச் சேர ஐந்து மாதம்கூட ஆகுமாம். இருட்டிலும் பனியிலும் அந்தப் பக்கம் கப்பல் ஓட்டவே முடியாது என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, அவர் திசையையும் வேகத்தையும் நேரத்தையும் வருடக்கணக்கில் குறித்து வைத்துக்கொண்டு துணிந்து இறங்கினார். அந்தக் கடிகாரக் கணக்கு இன்றும் மாறவில்லை.

மாறவில்லை என்பதால்தான் கப்பல் யாருக்காகவும் நிற்காது. சில துறைமுகங்களில் நிறுத்தம் கால் மணி நேரம்தான். கப்பல் அரை மணி தாமதமாக வந்தால், கிளம்புவதும் அரை மணி தள்ளிப்போகும் என்று நாமாகக் கணக்குப் போடுகிறோம். அப்படி இல்லை. நிறுத்தத்தைச் சுருக்கித் தாமதத்தைச் சரிக்கட்டுவார்கள். இறங்கும் வாசலில் எழுதி வைத்திருக்கும் நேரம்தான் நேரம், கையில் இருக்கும் அட்டவணை இல்லை. எங்களில் ஒருவன் அட்டவணையை நம்பிக் கடையில் சாக்லேட் பொறுக்கிக்கொண்டிருந்தான். சங்கு ஊதியதும் பனியில் அவன் ஓடி வந்த ஓட்டம் இருக்கிறதே! அவன் ஏறிய கையோடு ஏணியைத் தூக்கிவிட்டார்கள். கப்பலைத் தவற விட்டிருந்தால், ராத்திரியில் டாக்சி பிடித்து அடுத்த துறைமுகத்துக்குத் துரத்த வேண்டியிருந்திருக்கும். நடுவே ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு இடையே உள்ளே நுழைந்த கடல், குறுக்கிட்டால் அதுவும் நடக்காது.

அறை எடுக்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். நடுராத்திரி இரண்டு மணிக்கும் கப்பல் ஒரு ஊரில் நிற்கும், சரக்குக் கதவு திறக்கும், ஃபோர்க்லிஃப்ட் தடதடவென்று ஓடும். முன்பக்கத்துக் கீழ்த்தள அறை விலை குறைவு என்று எடுத்தோம். கரை சேரும் ஒவ்வொரு முறையும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் நீருக்கடி விசிறிகள் சுழன்று கட்டில் அதிர்ந்தது. அலை அடிக்கும்போதும் முன்பக்கம்தான் அதிகம் ஏறி இறங்கும். கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் எடுப்பது உத்தமம். ஜன்னலுக்குக் கூடுதல் பணம் கட்டுகிறவர்கள், அதற்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வடக்கே போகும் பாதிப் பயணத்தை மட்டும் எடுத்துவிட்டு, "திரும்பி வர்றதும் அதே கடல்தானே" என்று கிர்கெனெஸில் விமானம் ஏறுவது இன்னொரு தவறு. அதே கடல்தான், ஆனால் வேறு நேரம். போகும்போது இருட்டில் தாண்டுகிற ஊர்கள் திரும்பும்போது பெரும்பாலும் பகலில் வருமாறு அட்டவணை போட்டிருக்கிறார்கள். லோஃபோடென் மலைச்சுவரை வடக்கே போகையில் விளக்குப் புள்ளிகளாகத்தான் பார்த்தோம். திரும்புகையில் வெஸ்டரோலன் தீவுகளுக்கு நடுவே ரிசோய்ரென்னா கால்வாயில் கப்பல் ஊர்ந்து போனது. கடலடி மணலைத் தோண்டி 1922இல் திறந்த வழி அது. இரண்டு பக்கமும் மிதவைக் குறிகள், அதற்கு அப்பால் முழங்கால் ஆழத் தண்ணீர் போலத் தெரிந்தது. நாங்கள் நாலு பேரும் வாயைத் திறக்காமல் நின்ற ஒரே மணி நேரம் அதுதான். ஆனால் ட்ரோல்ஃபியோர்டு என்ற குறுகலான ஃபியோர்டுக்குள் குளிர்காலத்தில் போவதில்லை. பனிச்சரிவு அபாயம். விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு ஊழியர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

மாதத்துக்கு வருவோம். டிசம்பரில் போனால் 24 மணி நேரமும் கும்மிருட்டு என்று பயப்படுவதும் தவறு, வெயில் அடிக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. வட நார்வேயின் ட்ரொம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. ஆனால் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் பனியும் கடலும் நீலமாகும், நம் ஊரில் விடியலுக்குச் சற்று முன்னால் தெரியுமே அந்த நிறம். என்னைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச். பனி அப்படியே இருக்கும், பகல் வெளிச்சம் திரும்பியிருக்கும், இரவுக்கும் குறைவில்லை.

அப்புறம் அரோரா. இதில்தான் தவறுகள் அதிகம்.

கைபேசியில் செயலியை வைத்துக்கொண்டு "கேபி எண் ரெண்டுதான் காட்டுது, இன்னைக்கு வராது" என்று தூங்கப் போவது முதல் தவறு. அரோராவின் வீச்சை மதிப்பிடும் எண் அது. அரோரா தோன்றும் வளையம் வட நார்வேக்கு ஏறக்குறைய நேர் மேலேயே இருக்கிறது. தெற்கே இருக்கும் ஊர்களுக்குத்தான் பெரிய எண் வேண்டும். அங்கே ஒன்று, இரண்டே போதும். உண்மையான எதிரி மேகம். எனவே பார்க்க வேண்டியது மேக முன்னறிவிப்பை. நல்ல வேளையாகக் கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு ஃபியோர்டில் மூடிய வானம் அடுத்ததில் திறக்கலாம்.

இரண்டாவது, அறைக்குள் இருக்கும் ஒலிபெருக்கியை அணைப்பது. அரோரா தெரிந்தால் அதில்தான் அறிவிப்பார்கள். தூக்கம் கெடுகிறது என்று எங்கள் அறையில் ஒருவன் முதல் நாளே சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டிருக்கிறான், எங்களிடம் சொல்லவில்லை. ஷெர்வோய் துறைமுகத்தைத் தாண்டிய ராத்திரி வானம் முழுக்கப் பச்சைத் திரை ஆடியதாம். காலைச் சாப்பாட்டில் பக்கத்து மேசைக்காரர்கள் படம் காட்டியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று மத்தியானம் வரை அவனோடு யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு முறை வைத்துக்கொண்டோம்: ஒருவர் பத்திலிருந்து பன்னிரண்டு வரை, அடுத்தவர் இரண்டு வரை. தெரிந்தால் கதவைத் தட்ட வேண்டும், எழுந்திருக்காதவனைத் திட்டக் கூடாது. நண்பர்களோடு போவதில் இருக்கிற பெரிய லாபமே இந்தக் காவல்தான், அதைப் பயன்படுத்தாமல் நாலு பேரும் ஒன்றாகத் தூங்கி ஒன்றாக எழுந்தால் என்ன பயன்?

மூன்றாவது, கேமரா முக்காலியைச் சுமந்து போவது. கரையில் அது கடவுள். கப்பலிலோ எஞ்சின் அதிர்வும் ஆட்டமும் சேர்ந்து பத்து விநாடிப் படத்தைக் கோடு கோடாக இழுத்துவிடும். கேமராவின் ஒளியுணர் அளவான ஐஎஸ்ஓவை 3200 பக்கம் ஏற்றி, லென்ஸ் துளையை முழுசாகத் திறந்து, ஒன்றிரண்டு விநாடியில் எடுங்கள். உள்ளே போகும் முன் கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெப்பத்தில் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள். இன்னொன்று, மங்கலான அரோரா கண்ணுக்குப் பச்சையாகத் தெரியாது, வெளுத்த மேகத் துண்டு மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், பச்சை தெரிந்தால் அதேதான். தயவுசெய்து ஃபிளாஷ் வேண்டாம். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்குக் கால் மணி நேரமாவது வேண்டும், ஒரு ஃபிளாஷில் தளத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும் அது பாழ்.

உடை விஷயத்தில் எல்லோரும் செய்வது, இருப்பதிலேயே தடித்த கோட்டு ஒன்றை வாங்கி உள்ளே பனியனோடு கிளம்புவது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காற்று பட்டதும் உடம்போடு ஒட்டிச் சில்லிடும். ஜீன்ஸும் அப்படியே. உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி, மேலே ஃபிளீஸ், அதற்கு மேலே காற்றும் தண்ணீரும் புகாத கோட்டு. கப்பலுக்குள் வீட்டு வெப்பம் இருக்கும், ஒரு நாளைக்கு இருபது முறை உள்ளே வெளியே போவோம், கழற்றிப் போடுகிற மாதிரி இருக்க வேண்டும். கடலோரத்தில் குளிர் நாம் நினைக்கும் அளவு கொடூரம் இல்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் அந்தத் துறைமுகங்கள் உறைவதில்லை, பல நாட்கள் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருந்தது. கொல்லுவது காற்றுதான். ஊட்டிக்கு வாங்கிய குரங்குக் குல்லாவைக் கேலி செய்தவர்கள், வடகோடித் துறைமுகமான ஹொன்னிங்ஸ்வோக் போனதும் அதைக் கடன் கேட்டார்கள்.

பூஜ்ஜியத்தை ஒட்டி இருப்பதில்தான் வேறொரு வில்லங்கம். பகலில் உருகி ராத்திரியில் உறையும், தெரு கண்ணாடியாகிவிடும். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டையை உள்ளூர்ப் பாட்டிகளே போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், நமக்கு என்ன வெட்கம்? துறைமுகத்துக் கடையிலேயே கிடைக்கும். கப்பலில் ஏறும் முன் கழற்றிவிடுங்கள், இரும்புத் தளத்தில் அதுவே வழுக்கும். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். கம்பளிக் காலுறை போட்டு இறுக்கினால் விரல் மரத்துப்போகும்.

வழி முழுக்கத் தீவுகள் அலையைத் தடுக்கின்றன, அதனால் பெரும்பாலான நேரம் ஏரியில் போவது போலத்தான் இருக்கும். தீவு இல்லாத திறந்த இடங்கள் கொஞ்சம்தான்: ஸ்டாட் முனை, ஹுஸ்டட்விகா, வெஸ்ட்ஃபியோர்டு, லொப்பா கடல், வடகோடியில் பேரன்ட்ஸ் கடல். ஹுஸ்டட்விகாவில் 2019 மார்ச்சில் 1,373 பேரோடு போன ஒரு பெரிய உல்லாசக் கப்பல் புயலில் எஞ்சின் நின்று தத்தளித்தது, நூற்றுக்கணக்கானவர்களை ஹெலிகாப்டரில் தூக்கி மீட்டார்கள். ஆகவே புயல் காரணமாகக் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தாண்டிப் போனாலோ, வடகோடியில் இருக்கும் நோர்ட்காப் முனைக்குப் போகும் பேருந்து ரத்தானாலோ முகம் சுளிக்காதீர்கள். அந்தப் பேருந்துகூட, கடைசி 13 கிலோமீட்டர், பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசை கட்டித்தான் போகும்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவது பலர் செய்வது. திறந்த கடலுக்கு ஒரு மணி நேரம் முன்பே, ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கியதைப் போட்டுவிட வேண்டும். வெறும் வயிறு இன்னும் மோசம், ரொட்டியாவது தின்னுங்கள். லொப்பா கடலில் எங்கள் மேசையில் இருந்த உப்புக் குப்பி தானாக நகர்ந்து அந்த முனைக்குப் போனது, கொஞ்சம் நின்றது, திரும்பி என்னிடமே வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் நான் செய்த தப்பு. அடிவானத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெளிக்கதவை அந்த நேரத்தில் திறக்கவே வேண்டாம், காற்று பிடுங்கிச் சாத்தினால் விரல் போய்விடும்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைவமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள், ஏறிய பிறகு சொன்னால் உருளைக்கிழங்குதான். ஊரிலிருந்து நெய், பால்கோவா கொண்டு போகாதீர்கள், ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து பால், இறைச்சிப் பொருட்களுக்கு அனுமதி இல்லை. பருப்புப் பொடியும் ஊறுகாயும் போதும். ஊறுகாயை இரண்டு பையில் கட்டுங்கள், கோட்டு ஒன்றில் எண்ணெய் இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

வடகோடியின் சின்ன ஊர்களில் "இங்க என்ன இருக்கப்போகுது" என்று இறங்காமல் இருந்துவிடாதீர்கள். திரும்பும் வழியில் போட்ஸ்ஃபியோர்டில் சாயங்காலம் இறங்கினோம். மீன் ஆலைகளின் வெளிச்சம், காற்றில் மீன் வாடை, காலடியில் பனி நொறுங்கும் சத்தம். 80களிலும் 90களிலும் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் பலர் ஃபின்மார்க் என்ற இந்த வடகோடி மாவட்டத்தின் கரையோர ஆலைகளில்தான் மீன் வெட்டிப் பிழைத்தார்கள். யாழ்ப்பாணத்து வெயிலை விட்டு வந்து, இரண்டு மாதம் சூரியனே வராத ஊரில். எனக்குப் பதினைந்து நிமிடமே விரல் தாங்கவில்லை. சங்கு ஊதியது. இந்த முறை சாக்லேட் வாங்கப் போனவன்தான் எங்களுக்கு முன்னால் ஏணியில் நின்றுகொண்டிருந்தான்.