ஸ்பெயினில் குடியேற எவ்வளவு காசு காட்ட வேண்டும்?

பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு பாரிஸிலிருந்து பார்சிலோனாவுக்கு நான் வீடு மாறிய பிறகு, எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "அக்கா, பாங்கில எவ்வளவு இருக்கவேணும்?"

யாராவது ஒரு தொகையைச் சொன்னால் அதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் விடயத்தில், எல்லாருக்கும் ஒரே தொகை என்று எந்த நாடும் விதிக்கக் கூடாது என்கிறது, ஒன்றியக் குடிமக்கள் வேறு உறுப்பு நாட்டில் வாழும் உரிமை பற்றிய 2004/38 சட்டத்தின் 8ஆம் பிரிவு. ஒவ்வொருவரின் நிலைமையையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். சொந்த நாட்டவருக்குச் சமூக உதவிப் பணம் கிடைக்கும் எல்லையைவிட அதிகமாக உங்களிடம் கேட்கவும் முடியாது.

வேலை ஒப்பந்தம் கையில் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம். சேமிப்பைக் காட்டத் தேவையில்லை. ஓய்வூதியம், வாடகை வருமானம், சேமிப்பு என்று வாழப்போகிறவர்களுக்குத்தான் காசுக் கணக்கு.

அவர்கள் வங்கிக் கூற்றைக் கவனமாகத் தயார் செய்ய வேண்டும். கடைசி மீதியை மட்டும் காட்டும் ஒற்றைத் தாள் போதாது. பல மாதக் கூற்றை எடுத்து, ஓய்வூதியம் விழுந்த வரிகளுக்கெல்லாம் மஞ்சள் கோடு போட்டு, ஓய்வூதியக் கடிதத்தை மேலே வையுங்கள். நான் அப்படித்தான் கொடுத்தேன். அதிகாரி அந்த வரிகளை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே தாள்களைப் புரட்டினார். சீட்டுக் காசு மொத்தமாக வந்து விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு தாள் வேண்டும். மாத வருமானம் இல்லாவிட்டாலும் வழியிருக்கிறது: ஸ்பெயினின் 2012ஆம் ஆண்டு ஆணை சொத்துப் பத்திரத்தையும் ஆதாரமாக ஏற்கிறது.

காசு உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மகன் அனுப்பும் பணத்தில் வாழும் அம்மாமார் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சென் வழக்கில் 2004இல் ஐரோப்பிய நீதிமன்றம், கைக்குழந்தைக்குத் தாயின் பணமே போதும் என்று தீர்ப்பளித்தது. மகனின் கடிதம், அவருடைய சம்பளத் தாள், பணம் அனுப்பிய பதிவுகள் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

காசை விட அதிகம் பேரைத் திருப்பி அனுப்புவது மருத்துவக் காப்புறுதிதான் என்பது நான் பார்த்தது. பயணக் காப்புறுதியை நம்பிப் போகாதீர்கள். ஸ்பெயினின் பொது மருத்துவத்துக்கு ஈடான முழுக் காப்பு வேண்டும். வைத்தியரிடம் போகும்போதெல்லாம் நீங்களும் ஒரு பங்கு கட்டும் திட்டத்தைத் தவிர்ப்பது நல்லது. ஓய்வூதியக்காரர் தம் மருத்துவச் செலவைப் பழைய நாடே ஏற்கும் என்று காட்டும் எஸ்1 படிவத்தை அங்கிருந்து எடுத்துவந்தால் தனிக் காப்புறுதி தேவையில்லை.

மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதென்றால், வந்த நாளிலிருந்து அந்த மூன்று மாதத்துக்குள் ஒன்றியக் குடிமக்களுக்கான பதிவுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். முன்பதிவு நேரம் கிடைப்பதே பெரும்பாடு, அதனால் வந்தவுடன் அதைத் தேடுங்கள். ஈஎக்ஸ்-18 என்ற விண்ணப்பப் படிவம், 790-012 கட்டணச் சீட்டு, கடவுச்சீட்டு, மேலே சொன்ன ஆதாரங்கள் எல்லாவற்றையும் அசலும் பிரதியுமாக எடுத்துப் போங்கள். துணைவர் இலங்கைக் கடவுச்சீட்டில் இருந்தால் அவருக்குத் தனி விண்ணப்பம். குடும்ப உறுப்பினர் அட்டை எடுக்க வேண்டும்.

மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை, மேல்முறையீட்டுக்கும் அந்தக் கடிதம்தான் வேண்டும்.