குவோரம் டிஸ்க் செத்துவிட்டால்: கிளஸ்டரை நிறுத்தாமல் மாற்றும் முறை

இரண்டு நோடு (சர்வர்) உள்ள விண்டோஸ் ஃபெயிலோவர் கிளஸ்டரில் (ஒரு சர்வர் விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் கூட்டில்) விட்னஸ் டிஸ்க், அதாவது குவோரம் டிஸ்க், பழுதானால் பல நாள் யாருக்கும் தெரியாமலே போகலாம். டேட்டாபேஸ் ஓடும், ஃபைல் ஷேர் திறக்கும், யாரும் போன் செய்து புகார் சொல்ல மாட்டார்கள். ஈவென்ட் லாகில் மட்டும் 1069, 1557, 1558 என்று பதிவுகள் விழுந்துகொண்டிருக்கும். விண்டோஸ் 2003 காலத்தில் குவோரம் டிஸ்க் போனால் கிளஸ்டர் சர்வீஸே நின்றுவிடும், அதனால் உடனே தெரிந்துவிடும். 2012 ஆர்2 முதல் அப்படியில்லை. கிளஸ்டர் தொடர்ந்து ஓட, நோடுகளுக்கும் விட்னஸுக்கும் உள்ள ஓட்டுகளில் பெரும்பான்மை (குவோரம்) வேண்டும். விட்னஸ் ஃபெயில் ஆனதும் கிளஸ்டர் அதன் ஓட்டை எடுத்துவிடுகிறது. ஓட்டு எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க, இரண்டு நோடுகளில் ஒன்றின் ஓட்டையும் எடுத்துவிடுகிறது.

இதன் விளைவை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டு இல்லாத நோடு விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஓட்டு உள்ள நோடு திடீரென்று விழுந்தால், நல்ல நிலையில் இருக்கும் மற்றதும் சேர்ந்து நின்றுவிடும். முறையாக ஷட்டவுன் செய்தால் ஓட்டு கைமாறும்; பவர் சப்ளை எரிந்தால் அதற்கு நேரமே கிடைக்காது. எந்த நோடிடம் ஓட்டு இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து:

கெட்-கிளஸ்டர்நோடு | எஃப்டி நேம், ஸ்டேட், டைனமிக்வெயிட்
(கெட்-கிளஸ்டர்).விட்னஸ்டைனமிக்வெயிட்

இரண்டாவது 0 என்று வந்தால் விட்னஸ் கணக்கில் இல்லை. வேலை முடியும்வரை பேட்ச், ரீபூட் எதுவும் வேண்டாம்.

டிஸ்க்தான் போயிற்றா?

டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் ஸ்டோரேஜுக்குப் போகும் பாதையைப் பாருங்கள். மற்ற லன்களும் (ஸ்டோரேஜிலிருந்து ஒதுக்கித் தரும் டிஸ்க்குகள்) சேர்ந்து தடுமாறினால் கோளாறு எச்பிஏ (சர்வரை ஸ்டோரேஜோடு இணைக்கும் கார்டு), சுவிட்ச், கன்ட்ரோலர் இவற்றில் ஒன்றில் இருக்கும். விட்னஸ் லன் மட்டும் காணவில்லை என்றால் ஸ்டோரேஜ் பக்கம் மேப்பிங்கை (எந்த லன் எந்த நோடுக்கு என்ற ஒதுக்கீட்டை) யாராவது மாற்றினார்களா, தின் புரொவிஷன் பூல் (எழுத எழுத இடம் ஒதுக்கும் பொது இடம்) நிரம்பிவிட்டதா என்று கேளுங்கள். டிஸ்க் கண்ணுக்குத் தெரிந்தும் ஆன்லைன் வராமல், கிளஸ்டர் லாகில் 170 என்ற எரர் வந்தால், பழைய ரிசர்வேஷன் (டிஸ்க்கை ஒரு நோடு தனக்கென்று பிடித்துவைக்கும் பூட்டு) ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு கிளியர்-கிளஸ்டர்டிஸ்க்ரிசர்வேஷன் போதும், புது டிஸ்க் தேவையில்லை. டிஸ்க் நம்பரை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா டிஸ்க்கின் ரிசர்வேஷனைக் கழற்றினால் சேதம் பெரிது.

புது லன் கிடைக்கும்வரை

ஸ்டோரேஜ் குழு லன் கொடுக்க ஒரு நாள் ஆகும் என்றால் அதுவரை ஃபைல் ஷேர் விட்னஸ் வையுங்கள். கிளஸ்டரில் சேராத மூன்றாவது சர்வரில் ஒரு ஷேர் போதும், 5 எம்பி காலி இடம் இருந்தால் சரி. ஷேர் பெர்மிஷன், என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் இரண்டிலும் கிளஸ்டரின் கம்ப்யூட்டர் அக்கவுன்ட்டுக்கு ஃபுல் கன்ட்ரோல் தர வேண்டும். உங்கள் யூசருக்குக் கொடுத்துப் பயனில்லை. இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். டிஎஃப்எஸ் (பல சர்வர்களின் ஷேர்களை ஒரே பெயரில் காட்டும் வசதி) பாதையும், இதே கிளஸ்டரில் ஓடும் விஎம்மில் (மெய்நிகர் சர்வரில்) உள்ள ஷேரும் ஆகாது.

செட்-கிளஸ்டர்குவோரம் -ஃபைல்ஷேர்விட்னஸ் \\சர்வர்பெயர்\ஷேர்பெயர்

இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். டிஸ்க் விட்னஸில் கிளஸ்டர் டேட்டாபேஸின் நகல் இருக்கும், ஃபைல் ஷேரில் இருக்காது. ஒரு நோடு அணைந்திருந்தபோது நீங்கள் செய்த மாற்றம், பிறகு அந்த நோடு மட்டும் தனியாக எழுந்தால், டிஸ்க் இருந்தால்தான் அதற்குத் தெரியவரும். பொதுவான ஸ்டோரேஜ் இருக்கும் இடத்தில் டிஸ்க்தான் என் பரிந்துரை.

புது டிஸ்க்

குறைந்தது 512 எம்பி வேண்டும், 1 ஜிபி தாராளம். பழையது 1 ஜிபி என்றால் புதியதை 2 ஜிபியாகக் கேளுங்கள்; கடைசியில் எது எது என்ற குழப்பம் வராது. ஸ்டோரேஜில் ஸ்கசி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் வசதி கட்டாயம். லன்னை இரண்டு நோடுகளுக்கும் மேப் செய்து, இரண்டிலும் அப்டேட்-ஹோஸ்ட்ஸ்டோரேஜ்கேஷ் கொடுங்கள். பிறகு ஒரே ஒரு நோடில் மட்டும் ஆன்லைன் செய்து, பேசிக் டிஸ்க்காக இனிஷியலைஸ் செய்து, என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்யுங்கள். டிரைவ் லெட்டர் வேண்டாம். லெட்டர் இருந்தால் யாராவது அதில் பேக்கப் ஃபைல் கொண்டுபோய்ப் போடுவார்கள். இன்னொரு நோடில் அது ஆஃப்லைனாகவே இருக்கட்டும். கிளஸ்டரில் சேரும் முன் இரண்டு பக்கமும் ஆன்லைன் செய்தால் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகும்.

வேலிடேஷன் (கிளஸ்டரைச் சரிபார்க்கும் டெஸ்ட்) ஓட்டுவதானால் புது டிஸ்க்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஸ்டோரேஜ் டெஸ்டில் ஓடும் டிஸ்க்குகளையும் சேர்த்துவிட்டால் அவை ஆஃப்லைன் போகும், சர்வீஸும் கூடவே போகும்.

அடுத்து:

கெட்-கிளஸ்டர்அவைலபிள்டிஸ்க்

இதில் புது டிஸ்க் மட்டும் வந்தால் அதையே ஆட்-கிளஸ்டர்டிஸ்க்குக்குப் பைப் செய்யலாம். வேறு லன்களும் வந்தால் அப்படிச் செய்யாதீர்கள், எல்லாமே கிளஸ்டருக்குள் ஏறிவிடும். எதுவுமே வரவில்லை என்றால் ஏதோ ஒரு நோடுக்கு லன் போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு மேப்பிங்கிலிருந்து பாருங்கள். சேர்ந்ததும் அதற்கு என்ன பெயர் விழுந்தது என்று பார்த்து:

செட்-கிளஸ்டர்குவோரம் -டிஸ்க்விட்னஸ் "கிளஸ்டர் டிஸ்க் 4"

ஃபெயிலோவர் மேனேஜரில் ரிப்பேர் என்றொரு வசதியும் உண்டு. டிபென்டன்சி உள்ள டேட்டா டிஸ்க்குக்கு அது நல்லது. விட்னஸை நம்பி வேறு ரிசோர்ஸ் இல்லாததால் இங்கே இந்த நேர்வழியே எளிது.

மாற்றியதோடு விட்டுவிடாதீர்கள். மூவ்-கிளஸ்டர்குரூப் "கிளஸ்டர் குரூப்" கொடுத்து விட்னஸை இரண்டு நோடுக்கும் ஒரு முறை கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் ஆன்லைன் வந்து இன்னொரு பக்கம் வராவிட்டால் ஜோனிங்கோ (சுவிட்சில் தரும் அனுமதி) மல்டிபாத்தோ (ஸ்டோரேஜுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதை) அரைகுறையாக இருக்கிறது. இரண்டிலும் வந்த பிறகு விட்னஸ்டைனமிக்வெயிட் 1, இரண்டு நோடின் டைனமிக்வெயிட்டும் 1 என்று காட்ட வேண்டும். டிஸ்க்கில் உருவாகும் கிளஸ்டர் போல்டரை ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்து விலக்குங்கள்.

கிளஸ்டர் ஏற்கெனவே நின்றுபோயிருந்தால்

கடைசியாக ஓடிய நோடில்தான் புதிய கான்ஃபிகரேஷன் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். மற்ற நோடில் கிளஸ்டர் சர்வீஸ் ஓடவில்லை என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே ஸ்டார்ட்-கிளஸ்டர்நோடு -ஃபிக்ஸ்குவோரம் (ஓட்டு போதாவிட்டாலும் கட்டாயமாக எழுப்பும் கட்டளை) கொடுங்கள். அங்கேயும் அது ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு நோடும் ஒரே டேட்டாவில் எழுதும் அபாயம் உண்டு. முதல் நோடு எழுந்ததும் விட்னஸை மாற்றிவிட்டு, அடுத்ததை வழக்கம்போல் ஸ்டார்ட் செய்யலாம்.

பழைய டிஸ்க் ரிசோர்ஸ், விட்னஸ் பொறுப்பிலிருந்து விடுபட்டதும் அவைலபிள் ஸ்டோரேஜுக்கு வந்துவிடும். அங்கிருந்து ரிமூவ் செய்யுங்கள். ஸ்டோரேஜில் லன்னை அழிக்கும் முன், கெட்-டிஸ்க் காட்டும் புது டிஸ்க்கின் யூனிக்ஐடியை ஸ்டோரேஜ் கன்சோலில் உள்ள ஐடியோடு ஒப்பிட்டு, அழிக்கப்போவது அது இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். லன் நம்பரை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் மாறலாம்.