வலி மாத்திரை: அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கடலூரில் திருப்பாதிரிப்புலியூரானாலும் முதுநகரானாலும், மருந்துக் கடையில் "உடம்பு வலிக்கு ரெண்டு வேளைக்குக் கொடுங்க" என்று கேட்டால், அட்டையிலிருந்து வெட்டியெடுத்த மூன்று நான்கு மாத்திரைகளைச் சிறு காகித உறையில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. 'செட்டு' என்று சொல்லப்படும் இந்த உறையில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கத்தரிக்குள் போயிருக்கும். பெயர் தெரியாத மாத்திரையை எவ்வளவு அவசரமானாலும் விழுங்க வேண்டாம். பாராசிட்டமால் முழு அட்டையாகவே பெரிய விலையில்லை.

அட்டையைத் திருப்பினால், பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயருக்கு அருகே சிறிய எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதைத்தான் படிக்க வேண்டும். டோலோ, குரோசின், கால்பால் ஆகிய பெயர்களில் பரவலாக விற்கும் மாத்திரைகளில் இருப்பது பாராசிட்டமாலே. பல சளி மாத்திரைகளிலும், அசெக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கலந்த மூட்டுவலி மாத்திரைகளிலும் அதுவே ஒளிந்திருக்கிறது. காய்ச்சலுக்கென்று 650 மி.கி. மாத்திரையை நாளுக்கு நான்கு முறையும், சளிக்கென்று 500 மி.கி. பாராசிட்டமால் கலந்த மாத்திரையை மூன்று முறையும் எடுப்பவர், தமக்குத் தெரியாமலேயே 4,100 மி.கி. விழுங்கிவிடுகிறார். பெரியவர்களுக்கான ஒரு நாள் உச்ச வரம்பு 4,000 மி.கி.; ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும், கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும், நாள்தோறும் மது அருந்துபவர்களுக்கும் வரம்பு இன்னும் குறைவு என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

அளவு மீறியது தெரிந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. முதல் நாளில் பெரிய அறிகுறி எதுவும் இல்லாமலேயே கல்லீரல் கெடத் தொடங்கியிருக்கும். நச்சு முறிவு மருந்து எட்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால்தான் முழுப் பலன் என்பதால், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ உடனே செல்ல வேண்டும்.

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் வீக்கத்தையும் குறைப்பதால் சுளுக்கு, பல்வலி, மாதவிடாய் வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் தொட்டுவிடும். ஐபுபுரோஃபெனை மருத்துவர் சொல்லாமல் நாளொன்றுக்கு 1,200 மி.கி.க்கு மேல் எடுக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு, சில நாட்களுக்கு மட்டும் போதும். டைக்ளோஃபெனாக் மாத்திரையோ மருந்துச் சீட்டுக்கு உரியது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் இவ்வகையைத் தாமாகத் தொடக் கூடாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காட்டிலோ, துறைமுகத்தில் மீன் கூடை தூக்கியோ நாளெல்லாம் வியர்த்தவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் இரவில் இந்த மாத்திரையைப் போடுவது சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. இரத்த அழுத்த மாத்திரையும் எடுப்பவராக இருந்தால் ஆபத்து மேலும் கூடும். முழங்கால் வலி மட்டுமென்றால், மேலே தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பு பெரும்பாலும் போதுமானது. அது இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு விதியை மீறவே வேண்டாம். காய்ச்சலுடன் மேல்வலி என்றால், டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டுமே. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் இரத்தக் கசிவை மோசமாக்கும். கறுத்த மலம், இரத்த வாந்தி, நெஞ்சு வலி, திடீரென வெடிப்பதுபோன்ற தலைவலி ஆகியவற்றுக்கு மாத்திரை தேடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. ஒரே மருந்து 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரு வீரியங்களில் விற்பதால், 125 மி.கி. பாட்டிலின் அளவை 250 மி.கி. பாட்டிலுக்கும் அப்படியே கொடுத்தால் இரண்டு மடங்காகிவிடும். சமையலறைக் கரண்டியை விட்டுவிட்டு, பாட்டிலோடு வரும் அளவு மூடியையே பயன்படுத்துங்கள்.