கணத்தாக்கு கணக்கா? முதல் அம்பைத் திருப்பிப் போடுங்க

கடைசி உந்தத்தை (நிறையைத் திசைவேகத்தால பெருக்கினது) அம்பா வரைஞ்சு, அதோட முனையில ஆரம்ப உந்தத்தின் அம்பைத் தலைகீழாத் திருப்பி ஒட்டுங்க. தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் கோடு இழுத்தா அதுதான் கணத்தாக்கு, திசையோட சேர்த்து. கணத்தாக்குன்னா உந்தத்துல வந்த மாற்றம், அதாவது கடைசி கழித்தல் முதல். வெக்டரை, அதாவது அளவோட திசையும் இருக்கறதை, கழிக்கிறதுன்னா திருப்பிப் போட்டுக் கூட்டறதுதானுங்க.

காந்திபுரத்துல கிழக்கே 10 மீ/வி வேகத்துல போற 10,000 கிலோ டவுன் பஸ், அதே வேகத்துல வடக்கே திரும்புதுன்னு வைங்க. வேகம் மாறலியேன்னு 0 போட்டுட்டு வந்துடாதீங்க கண்ணுகளா! விடை சுமார் 1,41,000 கிகி மீ/வி, வடமேற்கே பார்த்து.

நேர்கோட்டு மோதலுக்கு இந்தப் படமெல்லாம் வேண்டியதில்லை, கூட்டல் கழித்தல் குறியே போதும். அப்புறம், கணத்தாக்கை பஸ் திரும்பின நேரத்தால வகுத்தா சராசரி விசைதான் கிடைக்கும். ஒவ்வொரு கணத்துலயும் இருந்த விசை இதுல வராது.