விண்டோஸ் மாறியது, ஆல்பம் போகவில்லை: ஃபைல் அனுப்பும் மென்பொருள் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

ஆடி மாதம் முழுக்கக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஆவணி முகூர்த்தம் சூடுபிடித்த வாரத்தில் கம்ப்யூட்டரில் கை வைத்தவன் நான். வேலூர் தோட்டப்பாளையத்தில் போட்டோ ஸ்டுடியோ. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிகிறது என்று வருகிறவர்கள் எல்லாம் பயமுறுத்தினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் சி டிரைவை ஃபார்மட் அடித்து விண்டோஸ் 11 ஏற்றினேன். மெஷின் பறந்தது. சனிக்கிழமை காலை குடியாத்தம் கல்யாணத்தின் கரிஷ்மா ஆல்பத்தைச் சென்னையில் உள்ள பிரிண்டிங் லேபுக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்தால், லேப் கொடுத்திருந்த அப்லோடு மென்பொருள் திறக்கவே இல்லை.

அடுத்த நாலு மணி நேரத்தில் செய்யக் கூடாததையெல்லாம் செய்தேன். நடுவில் பெண்ணின் அப்பா வேறு போன் செய்து, “தம்பி, ஆல்பம் பிரிண்ட்டுக்குப் போயிடுச்சா?” என்றார். போய்க்கொண்டே இருக்கிறது என்றேன்.

முதல் காரியமாக, அந்த மென்பொருளின் பெயரோடு ‘விண்டோஸ் 11 ஃப்ரீ டவுன்லோடு’ என்று சேர்த்துத் தேடினேன். எல்லோரும் செய்வது இதைத்தான். வந்த பக்கத்தில் பச்சை நிறத்தில் நாலைந்து டவுன்லோடு பொத்தான்கள். இருப்பதிலேயே பெரியதை அழுத்தினேன். பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறியது, மூலையில் ஏதோ ஒரு ‘கிளீனர்’ வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மென்பொருளை அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்தில் இருந்துதான் இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவசரத்தில் தெரிந்தது எதுவும் கைகொடுப்பதில்லை. சொந்தத் தளத்திலும் கொஞ்சம் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஃபைல் அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவின் விண்டோஸ் இன்ஸ்டாலரே சில சமயம் வேறு மென்பொருளையும் சேர்த்து நீட்டும். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போகாமல் அந்த இடத்தில் ‘டிக்லைன்’ அழுத்த வேண்டும்.

ஆனால் பெரிய தவறு அது இல்லை. மென்பொருளின் பெயரைத் தேடியதே தவறு. ஃபைல் அனுப்புவது இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரி. லாங் பஜாரில் கடைக்காரர் ஒருவரிடம் தெலுங்கு, அடுத்தவரிடம் உருது என்று மாற்றி மாற்றிப் பேசுவது, எதிரில் நிற்பவருக்கு எது புரியும் என்று தெரிந்துதான். நான் எதிரில் நிற்பவரை விசாரிக்காமலே ஆள் தேடிக்கொண்டிருந்தேன். எஃப்டிபி, எஸ்எஃப்டிபி என்று சர்வருக்கு ஃபைல் அனுப்பும் முறைகள் சில உண்டு, லேப் பேசுவது எது என்று தெரிய வேண்டும். கடைசியில் லேபுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, உங்க சர்வர் எஃப்டிபியா, எஸ்எஃப்டிபியா?”

“அதெல்லாம் தெரியாது சார். நீங்க பழைய சாஃப்ட்வேர்லயே போடுங்க.”

“அதுதாண்ணே ஓடல.”

“அப்ப பழைய விண்டோஸே போட்டுக்குங்க சார்.”

அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்பவர் திங்கட்கிழமைதான் வருவாராம். ஆல்பம் பென்டிரைவில் ஏறி, கடைப் பையனின் சட்டைப் பையில் உட்கார்ந்து, காட்பாடியில் ரயில் பிடித்துச் சென்னை போய்ச் சேர்ந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்கு இருந்த வழிகளிலேயே அதுதான் நம்பகமானது.

கேட்க வேண்டியது மூன்றே விஷயம்: எந்த முறை, எந்த முகவரி, எந்த போர்ட் (சர்வரின் கதவு எண் மாதிரி). எஃப்டிபி என்றால் பெரும்பாலும் 21. எஸ்எஃப்டிபி என்றால் 22. எஃப்டிபிஎஸ் என்று இன்னொன்று இருக்கிறது. பெயரில் ஒரு எழுத்து இடம் மாறியதுதானே என்று நினைத்துவிடக் கூடாது. எஸ்எஃப்டிபி என்பது எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பின் மேல் ஓடும் தனி முறை. எஃப்டிபிஎஸ் என்பது பழைய எஃப்டிபிக்கே குறியாக்கப் போர்வை போர்த்தியது. ஒன்றைக் கேட்கும் சர்வரிடம் இன்னொன்றைப் பேசினால் பல சமயம் ‘இணைக்க முடியவில்லை’ என்று மட்டும்தான் வரும், ஏன் என்று வராது. நாம் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருப்போம்.

எஃப்டிபியின் முதல் வடிவத்தை எழுதியவர் நம் நாட்டுக்காரர்தான். ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்த அபய் பூஷண், அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தபோது 1971-ல் எழுதியது. அன்றைக்கு இணையத்தின் முன்னோடி வலையில் இருந்த கம்ப்யூட்டர்கள் சொற்பம், திருட்டுப் பயம் பெரிதாக இல்லை. ஆகவே சாதாரண எஃப்டிபியில் இன்றும் பாஸ்வேர்டு திறந்த தபால் அட்டையில் எழுதின மாதிரிதான் போகும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-ல் எஃப்டிபியை எடுத்துவிட்டதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். முன்பு பிரவுசரிலேயே திறந்ததே என்று தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், கோளாறு உங்கள் விண்டோஸில் இல்லை. லேப் எஃப்டிபி, எஸ்எஃப்டிபி இரண்டையும் தருகிறது என்றால் எஸ்எஃப்டிபியைக் கேட்டு வாங்குங்கள். ஃபைல்ஜில்லா, வின்எஸ்சிபி இரண்டும் மேலே சொன்ன மூன்றையும் பேசும், இரண்டும் இலவசம். விண்டோஸ் 10-ன் 2018 ஏப்ரல் பதிப்பில் இருந்து கமாண்ட் விண்டோவில் ‘எஸ்எஃப்டிபி’ என்று தட்டினாலே வேலை செய்கிறது. தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

சரி, என் பழைய மென்பொருள் ஏன் திறக்கவில்லை? திங்கட்கிழமை நிதானமாக அந்தப் பெட்டிச் செய்தியைப் படித்தேன். சனிக்கிழமை அதைப் படிக்காமல் பத்துத் தடவை மூடியிருக்கிறேன். டாட்நெட் 3.5 என்ற துணை மென்பொருள் வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. விண்டோஸ் 11-ல் அது தானாக இயங்கும் நிலையில் இருக்காது. ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் டிக் செய்தால், இணையத்தில் இருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும். செய்தேன், மென்பொருள் திறந்தது.

பெயர், பாஸ்வேர்டு கொடுத்தேன். உள்ளேயும் விட்டது. ஃபோல்டர் பட்டியல் மட்டும் வராமல் சுற்றிக்கொண்டே நின்றது. இங்கேதான் பலர் ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பார்கள், நானும் அணைத்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. எஃப்டிபியில் ‘ஆக்டிவ்’ என்றால் ஃபைல் போவதற்கான இரண்டாவது இணைப்பை சர்வர்தான் நம்மை நோக்கிப் போடும். நடுவில் ரவுட்டர் இருக்கிறது, வெளியாள் யாரென்று தெரியாமல் அது கதவைத் திறக்காது. ‘பாஸிவ்’ என்றால் இரண்டு இணைப்பையும் நாமே போடுவோம். பழைய விண்டோஸில் யாரோ ‘பாஸிவ்’ என்பதை டிக் செய்து வைத்திருந்திருக்கிறார்கள். ஃபார்மட் அடித்ததில் அந்த டிக் போய்விட்டது, அவ்வளவுதான். உள்ளே விட்டும் பட்டியல் வராமல் நின்றால் முதலில் அந்த டிக்கைப் பாருங்கள். ஃபயர்வாலைத் தொடாதீர்கள். நான் அணைத்ததைத் திரும்பப் போட இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

ஆக, ‘புது விண்டோஸுக்கு ஒத்துவரவில்லை’ என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்ததில் பாதி, நான் எடுத்து வைக்காத செட்டிங்தான். ஃபைல்ஜில்லாவில் ‘ஃபைல்’ மெனுவுக்குள் ‘எக்ஸ்போர்ட்’ இருக்கிறது. சர்வர் முகவரி, போர்ட், பாஸ்வேர்டு எல்லாம் ஒரே கோப்பில் வந்துவிடும். ஃபார்மட் அடிக்கும் முன் அதைச் செய்துவிட வேண்டும். ஆனால் மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்காமல் எடுத்தால், பாஸ்வேர்டுகள் அந்தக் கோப்பில் பேருக்குத்தான் மறைந்திருக்கும், கொஞ்சம் விவரம் தெரிந்த யாரும் எடுத்துவிடலாம். அந்தப் பென்டிரைவையே சர்வீஸ் கடையில் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபார்மட் அடிக்காமல் மேலேயே அப்கிரேடு செய்தவர்களுக்குச் சி டிரைவில் ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற ஃபோல்டர் இருக்கும். சாதாரணமாகப் பத்து நாளில் அது தானாகப் போய்விடும். வேண்டியதை அதற்குள் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பழைய மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே கிடையாது. ஆனாலும் 32-பிட் மென்பொருள்கள் அதில் ஓடும். ஓடாதது 16-பிட். தொண்ணூறுகளில் வந்த சிலவற்றில் மென்பொருள் 32-பிட்டாக இருந்தாலும் இன்ஸ்டாலர் 16-பிட்டாக இருக்கும். அதற்குச் சாதாரண வைத்தியம் பெரும்பாலும் பலிக்காது, விட்டுவிடுங்கள். ‘கம்பாட்டிபிலிட்டி’ பகுதியில் விண்டோஸ் 7 என்று மாற்றிப் பார்ப்பதிலும் அளவு உண்டு. திறக்காத ஜன்னலை அது திறந்து தரலாம். மென்பொருளுக்குத் தெரியாத குறியாக்கத்தைச் சொல்லித் தராது. இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் முறையின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டும் காலாவதி என்று 2021-லேயே அறிவித்தாகிவிட்டது. அவற்றை மட்டும் தெரிந்த பழைய மென்பொருள் அழகாகத் திறக்கும், சர்வர்தான் கதவைச் சாத்தும்.

ஆபீஸுக்குள் பொதுவான ஸ்டோரேஜ் பெட்டி வைத்திருப்பவர்களின் கதை வேறு. பழைய பெட்டி எஸ்எம்பி1 என்ற முறையை மட்டும் பேசினால் புது விண்டோஸுக்குக் கண்ணில் படாது. ‘எஸ்எம்பி1-ஐ ஆன் செய்யுங்கள்’ என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை என்ற கெடுமென்பொருள் அந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் அதில் எஸ்எஃப்டிபி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி தமிழில் பெயர் வைக்கிற நமக்கு வரும் சிக்கல். கோட்டையில் எடுத்த படங்களை ‘கோட்டை’ என்ற ஃபோல்டரில் போட்டு, சென்னையில் மேக் வைத்திருக்கும் டிசைனருக்கு அனுப்பினேன். திருத்தி அனுப்பியதை இறக்கினால் ‘கோட்டை’ இரண்டு இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விஷயம் ‘கோ’வில் இருக்கிறது. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். விண்டோஸில் தட்டினால் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும், மேக்கில் இருந்து வருவது பல சமயம் பிரிந்து இருக்கும். கொ, கோ, கௌ வரிசை மூன்றுக்கும் இதே கதைதான். இது தெரியாமல் ஒன்றை அழித்தால் திருத்தின படம்தான் போகும்.

நீளமும் ஒரு தொல்லை. ‘வேலூர்’ நமக்கு மூன்று எழுத்து. சர்வருக்கு அது 18 பைட். குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனியாக மூன்று மூன்று பைட் பிடிக்கும். லினக்ஸ் சர்வரில் ஒரு பெயருக்குப் பொதுவாக 255 பைட்தான் இடம். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபத்தின் பெயர், தேதி என்று ஃபைலுக்குப் பெயர் வைத்தால் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தால் ஃபைல்ஜில்லாவின் ‘சைட் மேனேஜரில்’ ‘கேரக்டர் செட்’ பகுதிக்குப் போய் யுடிஎஃப்-8 என்று வையுங்கள். நான் இப்போது ஃபைல் பெயரைத் தேதியும் எண்ணுமாக வைத்துவிட்டு, தமிழில் எழுத வேண்டியதை உள்ளே ஒரு குறிப்பில் எழுதிவிடுகிறேன். தமிழில் வைக்க ஆசைதான், முகூர்த்த நாளில் சோதனை வேண்டாம்.

போனில் இருந்து கம்ப்யூட்டருக்கு என்றால், ஷேர்இட், செண்டர் இரண்டும் 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் உண்டு. அவற்றின் விண்டோஸ் பதிப்பை எங்கிருந்தோ தேடி எடுத்துப் போட வேண்டாம். ஒரே வைஃபையில் இருந்தால் லோக்கல்சென்ட் என்ற செயலி போதும், இணையமே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்.

எதில் அனுப்பினாலும் முதலில் ஒரே ஒரு படம் அனுப்பி, அந்தப் பக்கம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம்தான் ஆல்பம். இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை, சைஸ் ஒத்துப்போகும் வரை மெமரி கார்டை அழிக்க நான் விடுவதில்லை.

போன வாரம் லேபில் இருந்து அதே அண்ணன் போன் செய்தார். சர்வரை மாற்றுகிறார்களாம். “சார், நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். எஸ்எஃப்டிபி, போர்ட் 22. மத்தவங்களுக்கும் சொல்லிடுங்க.”