சமத்துவ அமைப்பிடம் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கேரியாவின் துப்னிட்சா நகரில் ரோமா என்ற சிறுபான்மை இன மக்கள் பெருமளவில் வாழும் ஒரு பகுதி. அங்கே மின்மீட்டர்கள் தரையிலிருந்து ஆறேழு மீட்டர் உயரத்தில், கம்பங்களின் மேல் மாட்டப்பட்டிருந்தன. பில்லில் சந்தேகம் வந்தால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். எண்ணைப் படிக்க முடியாது. மற்ற பகுதிகளில் அதே மின் நிறுவனம் 1.70 மீட்டருக்கு மேல் போகாமல் மீட்டரை வைத்திருந்தது. அந்தப் பகுதியில் கடை நடத்திய ஒரு பெண்மணி, நாட்டின் பாகுபாட்டுத் தடுப்பு ஆணையத்திடம் 2008-இல் புகார் கொடுத்தார். பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்கு உதவ அரசு ஏற்படுத்தும் இத்தகைய அமைப்பைத்தான் சமத்துவ அமைப்பு என்கிறார்கள். அவர் ரோமா இனத்தவர் அல்லர்.

"அந்த இனத்தைச் சேராத எனக்குப் புகார் கொடுக்க என்ன உரிமை?" என்று அவர் ஒதுங்கிப் போயிருக்கலாம். ஐரோப்பாவில் பலர் செய்யும் முதல் தவறு அதுதான். ஒரு இனத்தைக் குறிவைத்த நடவடிக்கையால் கூடவே பாதிக்கப்படுபவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் அதற்கு முன்பே, 2008-இல், ஃபெரின் என்ற நிறுவனத்தின் வழக்கில் தந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. வெளிநாட்டு வம்சாவளியினரை வீட்டுக்குள் விட வாடிக்கையாளர்கள் தயங்குகிறார்கள், அதனால் அவர்களை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று கதவு பொருத்தும் பெல்ஜிய நிறுவனத்தின் இயக்குநர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். வேலை மறுக்கப்பட்டவர் என்று யாரும் முன்வரவில்லை. வழக்குத் தொடுத்தது அந்நாட்டின் சமத்துவ அமைப்பு. பாதிக்கப்பட்டவர் இன்னார் என்று சுட்ட முடியாவிட்டாலும் அந்தப் பேச்சே நேரடிப் பாகுபாடு என்றது நீதிமன்றம். தனி மனிதர் அஞ்சி நிற்கும் இடத்தில் இந்த அமைப்பு எதற்காக இருக்கிறது என்பது இந்த வழக்கில் தெளிவாகத் தெரிகிறது.

அடுத்த தவறு, "அவர் மனதில் வெறுப்பு இருந்தது என்று நான் எப்படி நிரூபிப்பேன்?" என்று மலைத்துப் போவது. மனதைத் திறந்துகாட்டும்படி யாரும் கேட்கவில்லை. 2000-இல் வந்த இனச் சமத்துவ நெறியாணையின்படி (நெறியாணை என்பது உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய ஐரோப்பிய ஒன்றிய விதி), பாகுபாடு நடந்திருக்கலாம் என்று ஊகிக்கப் போதுமான உண்மைகளை நீங்கள் முன்வைத்தால், நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்குப் போய்விடும். ஆனால் அந்த உண்மைகளைச் சேகரிக்க வேண்டியவர் நீங்கள்தான். மக்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். பத்துப் பக்கத்துக்குத் தங்கள் மனவேதனையை எழுதுகிறார்கள். அது நியாயமான வேதனை, மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வாடகை விளம்பரத்தின் நகல் இருக்காது; "வீடு போய்விட்டது" என்று சொன்ன தேதி இருக்காது; மறுநாள் வேறு பெயரில் நண்பர் கேட்டபோது அதே வீடு காலியாக இருந்ததற்கான குறுஞ்செய்தி இருக்காது. புகாரைத் தாங்கி நிறுத்துவது ஒப்பீடு. ஆறு மீட்டர், 1.70 மீட்டர் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, சமத்துவ அமைப்பை நீதிமன்றம் என்று நினைத்துவிடுவது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தவறுதான், ஏனென்றால் இதைத் திருத்த முடியாமல் போகும். பெயர் ஒன்றுபோலத் தோன்றினாலும் அதிகாரம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பல்கேரிய ஆணையம் கட்டுப்படுத்தும் முடிவெடுக்கும், அபராதமும் விதிக்கும். நெதர்லாந்தின் மனித உரிமைக் கழகம் தருவது கருத்து மட்டுமே. சுவீடனின் சமத்துவக் குறைதீர்ப்பாளர் உங்களுக்காக நீதிமன்றம் போகலாம், ஆனால் எல்லா வழக்கையும் எடுப்பதில்லை. ஜெர்மனியின் கூட்டாட்சி அமைப்பு ஆலோசனை சொல்லும், சமரசத்துக்கு முயலும். அங்கே 2006-இல் வந்த சட்டம், இழப்பீடு கேட்க இரண்டே மாதங்கள் தந்தது. அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தால் அந்தக் கடிகாரம் தானாக நிற்காது. முதல் தொலைபேசி அழைப்பிலேயே "என் காலக்கெடு எப்போது முடிகிறது, யாரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள்.

எல்லா அநீதியும் சட்டப்படி பாகுபாடு ஆகிவிடாது. மேலாளர் எல்லோரிடமும் எரிந்துவிழுகிறார் என்றால் அது தொழிற்சங்கத்துக்குப் போக வேண்டிய விஷயம். இனம், பாலினம், மதம், வயது, மாற்றுத்திறன், பாலீர்ப்பு போன்ற ஒரு காரணத்தோடு தொடர்பு இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் பழிவாங்குவார்களே என்ற அச்சம் நியாயமானது. அப்படிப் பழிவாங்குவதையும் நெறியாணைகள் தடை செய்கின்றன. அதனால் புகாருக்குப் பின் நடப்பதையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

அரசுகளும் தவறு செய்கின்றன. பெயருக்கு ஓர் அமைப்பை ஏற்படுத்திவிட்டு ஆளும் பணமும் தராமல் விடுவது அதில் பெரியது. வேலையில் மதம், வயது, மாற்றுத்திறன், பாலீர்ப்பு சார்ந்த பாகுபாட்டைத் தடுக்கும் 2000-ஆம் ஆண்டு நெறியாணை, அதற்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று கட்டாயப்படுத்தவே இல்லை. 2024-இல் நிறைவேறிய இரண்டு புதிய நெறியாணைகள் அந்த ஓட்டையை அடைக்கின்றன. அமைப்புகள் சுதந்திரமாக இயங்க வேண்டும், போதிய வளம் பெற வேண்டும் என்றும் விதிக்கின்றன. உறுப்பு நாடுகள் அவற்றைத் தம் சட்டத்தில் கொண்டுவர வைத்த கெடு 2026 ஜூன் 19. உங்கள் நாட்டு அமைப்புக்கு இப்போது என்ன அதிகாரம் இருக்கிறது என்பதைப் பழைய துண்டறிக்கையை நம்பாமல் நேரடியாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.