சட்ட உதவி மையத்தில் பயிற்சி: வருபவரிடம் முதலில் தேதியைக் கேளுங்கள்

இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பயிற்சிக்குச் சேரும் சட்ட மாணவருக்கு முதல் வாரத்திலேயே கிடைக்கும் வேலை, உதவி கேட்டு வருபவரின் விவரத்தைக் கேட்டு எழுதுவது. எந்தப் பிரிவில் வழக்குப் போடலாம் என்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். நீங்கள் பிடிக்க வேண்டியது தேதிகளை.

வருபவர் பத்து வருடக் கதையை முதலிலிருந்து தொடங்குவார். ஐந்து நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு, "அம்மா, கடைசியா வந்த தாள் எது? எப்போ கைக்கு வந்தது?" என்று கேளுங்கள். மஞ்சள் பையில் இருப்பதையெல்லாம் மேசையில் எடுத்து வைக்கச் சொல்லி, தேதி வாரியாக அடுக்குங்கள். தபால் உறையைத் தூக்கி எறிய விடாதீர்கள்; நோட்டீஸ் எப்போது வந்தது என்பதற்கு அதிலுள்ள முத்திரை சாட்சி.

பிரதிவாதி வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்ட வழக்கில், அதை ரத்து செய்யக் கோர தீர்ப்பாணைத் தேதியிலிருந்து 30 நாள்தான். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். அதனால் 'எப்படி, யார் சொல்லித் தெரிந்தது' என்பதையும் எழுதுங்கள். காசோலை திரும்பிய வழக்கில், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் காசோலை கொடுத்தவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். வந்தவருக்கு 28-வது நாள் என்றால், வரிசையில் உட்கார வைக்காமல் அப்போதே வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்தது இலவச சட்ட உதவி பெறும் தகுதி. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனாலும் பழக்க தோஷத்தில் எல்லோரிடமும் வருமானச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவது உண்டு. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது ஒரு நாள் சம்பள இழப்பு, சில சமயம் திரும்பி வராமலே போய்விடுவார். வருமானம் பார்க்க வேண்டியவருக்கும் உறுதிமொழிப் பத்திரமே போதுமானதாக ஏற்கப்படலாம்.

பெயரை ஆதார், குடும்ப அட்டை, பத்திரம் மூன்றிலும் ஒப்பிடுங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர் இனிஷியல், பின் கணவர் பெயர் இனிஷியல். ஓரிடத்தில் 'அம்மாள்', இன்னோரிடத்தில் 'அம்மா'. வேறுபாடு இருந்தால் இரண்டையும் 'என்கிற' போட்டு மனுவில் எழுதுங்கள். ஏற்கெனவே வழக்கு நடக்கிறது என்றால் அந்த வழக்குக்குரிய 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணை வைத்து நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அடுத்த வாய்தாவைப் பாருங்கள். அவர் சொன்ன தேதியை மட்டும் நம்ப வேண்டாம். அசல் ஆவணத்தை வாங்கி வைக்கவே வேண்டாம். நகல் எடுத்துக்கொண்டு அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள். "கேஸ் ஜெயிக்குமா தம்பி?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள்.

சிறைக்கு அழைத்துப் போனால் தேதிக்கு மதிப்பு இன்னும் கூடும். முதல் ரிமாண்ட் (நீதிபதி காவலில் வைக்க உத்தரவிட்டது) எந்த நாள், குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா, ஜாமீன் உத்தரவு ஏற்கெனவே இருக்கிறதா என்ற மூன்றையும் ஒவ்வொருவரிடமும் கேட்டு, சிறைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் மனு போடுவதற்கு முன் போலீஸ் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே இருப்பவர்களும் உண்டு. ஏழு நாளில் விடுதலையாகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட பெயர்களைத் தனித் தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள்.

வழக்குகளைச் சமரசமாகப் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்ற (லோக் அதாலத்) நாளில் கூட்டம் அலைமோதும், கையெழுத்து வாங்கும் அவசரமும் இருக்கும். அங்கே ஏற்படும் சமரசத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. தொகை, தவணை, கடைசித் தேதி மூன்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். 'பேனாவைக் கொடுங்க' என்பவரிடம் முதலில் தொகையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நிலுவை வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள், பலருக்குத் தெரியாது.

கல்லூரிக்குத் தரும் பயிற்சி அறிக்கையில் பெயர், ஊர், வழக்கு எண், புகைப்படம் எதுவும் வேண்டாம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதே தண்டனைக்குரிய குற்றம். 'மனுதாரர், பெண், பராமரிப்புத் தொகை வழக்கு' என்ற அளவில் எழுதினால் பேராசிரியருக்குப் போதும்.